முப்பத்தொன்பதாவது மடிப்பு

சனி ஒருவரைப் பிடித்தால் ஏழரை வருஷத்தில் விட்டுவிடும் என்று கணக்குச் சொல்வார்கள். டாக்டர் ஹார்லன் பிரிட்சர்ட் சனியைப் பிடித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் விட்டபாடில்லை. சனிக்கு வாயிருந்தால் பரிகாரம் கேட்டு ஊர் ஊராக அலைந்திருக்கும்.

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து டூசான் நகரத்துக் கோள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இயக்குநரும் டேவ், தரை துடைப்பவரும் டேவ். பிரிட்சர்ட் மட்டும் டாக்டர். அவர் மனைவி தொலைபேசியில் அழைத்தால்கூட, "டாக்டர் இருக்காரா?" என்றுதான் கேட்பார். கழுத்துப்பட்டைக்குப் பதிலாகப் பின்னிய தோல்கயிறு, அதன் நடுவே ஒரு வெள்ளி வில்லை. அரிசோனாக்காரர்கள் பலர் கட்டுவதுதான். மற்றவர்கள் வில்லையில் தேளோ கள்ளியோ இருக்கும். இவருடையதில் சனியின் வளையம் இருந்தது. அதில் இருபத்தொரு கோடுகள், குறையாமல் கூடாமல்.

அந்த இருபத்தொன்றுதான் அவருடைய புகழ். விண்கலம் சனியை அடைந்த முதல் வருஷம், உள்வளையத்தை மிகத் தாழ்ந்த கோணத்தில், சாப்பாட்டுத் தட்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்ப்பதுபோலப் படம் எடுத்தார்கள். தட்டையாக இருக்கவேண்டிய வளையத்தில் ஒரு பட்டை மட்டும் தகரக்கூரைபோல ஏறி இறங்கியது. மடிப்புகளை எண்ணினார்கள். இருபத்தொன்று. பிரிட்சர்ட் அவற்றுக்குப் 'படிகள்' என்று பெயரிட்டார். சனி பிறந்த அன்றே அமைந்தவை, இதுவரை மாறாதவை, இனிமேலும் மாறப்போகாதவை என்று தடித்த புத்தகம் ஒன்றும் எழுதினார். உயிரோடிருப்பவர் பெயரை வானத்துப் பொருளுக்கு வைக்கக்கூடாது என்பது விதி. ஆகவே 'பிரிட்சர்ட் படிகள்' என்று அவர் வாயால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வேறு யாராவது சொல்லும்வரை பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார், அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழுந்தபோது, அரங்கத்துக்கு ஏறும் படிக்கட்டில் இருபத்தொரு படிகள் இருந்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்த உயரத்துக்குப் பதினான்கு போதும். கட்டியவர்கள் என்ன செய்வார்கள், பதினான்கை இருபத்தொன்றாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு படியும் நாலு விரற்கடை உயரம். ஏறுகிறவர் காலுக்கும் படிக்கும் கணக்கு ஒத்துப்போகாமல், எவ்வளவு பெரிய விருந்தாளியும் தலை தாழ்த்தி வணங்கியபடிதான் அரங்கத்துக்குள் போய் விழுந்தார்.

டெல்ஃபினா புஸ்தமான்தே அந்தப் படிக்கட்டு இருக்கும் பக்கமே போவதில்லை. சாமான் ஏற்றும் பின்பக்கச் சரிவில் வந்து, பின்பக்கச் சரிவில் போவாள். ஐம்பத்தெட்டு வயது. டாக்டர் பட்டம் கிடையாது. விண்கலத்தின் கேமராவைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கேமராவின் கண்ணில் ஒரு தூசி விழுந்தால் எல்லாப் படத்திலும் ஒரு புள்ளி வரும். அதைப் புது நிலவு என்று நம்பி எவராவது கட்டுரை எழுதிவிடுவார். எழுதவிடாமல் தடுப்பதுதான் அவள் உத்தியோகம். கேமராவை வடிவமைத்த நாளிலிருந்து இருபது வருஷமாகத் தடுத்துவந்தாள். யாரும் நன்றி சொன்னதில்லை. எழுதாமல் தப்பித்த கட்டுரைக்கு யார் நன்றி சொல்வார்கள்?

ஜூன் மாதம், வெயில் ஆளைச் சுட்டுத் தின்றுகொண்டிருந்த ஒரு காலையில், அவள் மேஜைக்கு 'சனி வளையப் பேரேடு' அச்சுப்படி வந்தது. இன்னும் ஏழு மாதத்தில் எரிபொருள் தீர்ந்த விண்கலத்தைச் சனிக்குள்ளேயே விழவைத்து எரித்துவிடப்போகிறார்கள். அதன்பின் ஒரு தலைமுறைக்கு அங்கே வேறு கலம் போகாது. அந்த ஒரு தலைமுறையும் எதையும் இந்தப் பேரேட்டில்தான் பார்த்துத் தெரிந்துகொள்ளும். டெல்ஃபினா பொறுமையாகப் புரட்டிக்கொண்டே போனாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் இப்படி இருந்தது:

'இரண்டாம் சந்திப்பின் படங்களில் காணப்படும் பன்னிரண்டு கூடுதல் மடிப்புகள் மெய்யானவை அல்ல. கேமரா அளவுத்திருத்தத்தில் நேர்ந்த பிழை. பொறுப்பு: டெ. புஸ்தமான்தே.'

இருபது வருஷத்தில் அவள் பெயர் அச்சில் வந்தது அதுவே முதல் தடவை.

அந்த இரண்டாம் சந்திப்பு நடந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. வளையத்தை அப்படித் தாழ்ந்த கோணத்தில் பார்க்கும் வாய்ப்பு எப்போதாவதுதான் வரும். முதல் தடவைக்கு எட்டு வருஷம் கழித்து மறுபடி வந்தபோது, அதே பட்டையில் முப்பத்துமூன்று மடிப்புகள் இருந்தன. பிரிட்சர்ட் பதறவில்லை. மாறாதது மாறாது, ஆகவே மிச்சம் பன்னிரண்டும் கேமரா காட்டும் பேய்க்கோடுகள் என்றார். அவருடைய உதவியாளர் பேய்க்கோடுகளை நீக்க ஒரு நிரல் எழுதினார். எத்தனை பேயை ஓட்டினால் இருபத்தொன்று மிஞ்சுமோ, அத்தனை பேயையும் அந்த நிரல் ஓட்டியது.

டெல்ஃபினா அச்சுப்படியை மூடி, அதை எடுத்துக்கொண்டு நேரே வெண்டல் பெகேயிடம் போனாள். விண்கலம் எந்த நொடி எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று கட்டளை எழுதி அனுப்புகிறவன் வெண்டல். வடக்கே நவஹோ பழங்குடியினரின் நாட்டுக்காரன். அவள் மகளுக்கு ஞானத்தந்தையாக நின்றதிலிருந்து அவளைக் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவான்; அவளுக்கு அவன் 'கொம்பாத்ரே'. ஊர் வழக்கம் அது. பிள்ளையின் பெயரால் வந்த உறவு.

"என்ன கொமாத்ரே, மூஞ்சி அடுப்பு மாதிரி இருக்கு? வெளிய நூத்திப்பத்து டிகிரின்னா அதை உள்ள வேற கொண்டுவரணுமா?"

"இதைப் படி."

படித்தான். ரொட்டிச் சுருளைக் கடித்துக்கொண்டிருந்தவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"பொறுப்பு... உன் பேரா? அந்தாளு எந்தக் காலத்துல அடுத்தவங்க பேரை எழுதினாரு? கை சுளுக்கியிருக்குமே."

"விளையாடாதே வெண்டல். கேமராவுல கோளாறு இல்ல. எனக்குத் தெரியும். ஒவ்வொரு படத்தையும் நான் துடைச்சிருக்கேன். அந்தப் பன்னண்டும் நிஜம்."

"அப்போ இருபத்தொண்ணு எப்படி முப்பத்துமூணு ஆச்சு? குட்டி போட்டுச்சா?"

டெல்ஃபினா அவனுடைய காபிக் கோப்பையை இழுத்து, கரண்டியால் சுழற்றிவிட்டு, பாலை நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு கோடாக ஊற்றினாள்.

"பாரு. ஊத்தினப்ப நேர்கோடு. இப்ப?"

"சுருளுது."

"உள்பக்கம் வேகமா சுத்துது, வெளிப்பக்கம் மெதுவா. அதனால கோடு சுருள் ஆகுது. நேரம் போகப்போகச் சுருள் நெருக்கமாகும், எண்ணிக்கை கூடும். வளையத்துலயும் இதேதான். என்னைக்கோ ஒரு நாள் ஏதோ ஒரு வால்மீன் உடைஞ்சு, அந்தத் தூளு வளையத்து மேல விழுந்திருக்கு. பலமான அடி. வளையம் கொஞ்சம் சாஞ்சுபோச்சு. ஆனா வளையம்ங்கிறது ஒரே தட்டு இல்லையே, கோடானுகோடி ஐஸ் துண்டு. சாஞ்சது சாஞ்சபடியே நிக்காம, உள்ள ஒரு வேகம் வெளிய ஒரு வேகம்னு அந்தச் சாய்வு திரும்பிக்கிட்டே இருக்கு. சாய்வு சுருண்டு சுருண்டு மடிப்பு ஆயிடுச்சு."

"அப்போ எண்ணிக்கை கூடிக்கிட்டே போகணும்."

"போகுது. எட்டு வருஷத்துல பன்னண்டு. வருஷத்துக்கு ஒண்ணரை. சனி இடுப்புல உப்பினது இல்லையா, அந்த உப்பலை வெச்சுத் தனியா கணக்குப் போட்டேன். அதுலயும் வருஷத்துக்கு ஒண்ணரைதான் வருது. பின்னாடி போனா, முதல் படத்துக்குப் பதினாலு வருஷம் முன்னாடி மடிப்பே இல்ல. அன்னைக்குத்தான் அடி விழுந்திருக்கு. இது படிக்கட்டு இல்ல வெண்டல். கடிகாரம்."

வெண்டல் கோப்பையைத் தள்ளிவைத்தான். பிறகு, "என் காபியைக் கெடுத்துட்டே. நான் பால் ஊத்திக்கிறதில்ல," என்றான். "இதை அவர்கிட்ட சொன்னியா?"

"நாலு வருஷமா சொல்றேன். 'ரெண்டு புள்ளி கிடைச்சா எந்தக் கோட்டையும் இழுக்கலாம் டெல்ஃபினா'ங்கிறார். அதுல மட்டும் அவர் சொல்றது சரி. மூணாவது புள்ளி வேணும். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி கலம் கடைசியா ஒரு தடவை அந்தக் கோணத்துல போகுது. எனக்கு நாப்பது நிமிஷம் போதும்."

வெண்டல் சிரித்தான். விண்கலத்தில் பன்னிரண்டு குழுக்களின் பன்னிரண்டு கருவிகள். ஒன்று பார்க்கும் திசையில் இன்னொன்று பார்க்க முடியாது. ஆகவே ஒவ்வொரு புதன்கிழமையும் காலை ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு குழுக்களும் தொலைபேசியில் கூடி, சந்தையில் மாடு பிடிப்பதுபோல நிமிஷம் பிடிப்பார்கள். கலிபோர்னியாவிலிருந்து இங்ரிட் சோல்ஹைம் என்ற பெண்மணி, முட்டை வேகவைக்கும் மணிக்கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சந்தையை நடத்துவார். பன்னிரண்டு வருஷத்தில் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு நொடி இனாமாகக் கொடுத்ததில்லை. குழுவே இல்லாத டெல்ஃபினா நாற்பது நிமிஷம் கேட்பது, கப்பலில் இடமில்லாதவன் தலைவன் அறையைக் கேட்பதுபோல.

"உனக்கு யார் குடுப்பாங்க?"

"கேக்கவேண்டாம். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கேமராவைச் சரிபார்க்க நாப்பது நிமிஷம் எனக்கு இருக்கே. அதை எவரும் தொடக்கூடாதுன்னு விதி. யார் எழுதின விதி?"

"டாக்டர்."

"டாக்டரேதான். அவர் படம் ஒரு தடவை மங்கிப்போச்சுன்னு எழுதினாரு."

"அது சரி, ஆனா நீ வழக்கமா ஏதாச்சும் நிலாவோட வெள்ளை மூஞ்சியத்தானே பாப்பே? எதைப் பாக்கறதுன்னாலும், 'இது மாறாத பொருள்'னு ஒரு விஞ்ஞானி கையெழுத்துப் போடணுமே..."

சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். டெல்ஃபினா அன்று காலை முதல்முறையாகச் சிரித்தாள்.

"மொத்த சூரிய மண்டலத்துலயும் மாறவே மாறாத பொருள் எதுன்னு எந்த விஞ்ஞானி தடியா ஒரு புத்தகம் எழுதியிருக்காரு, கொம்பாத்ரே?"

மறுநாள் படிவத்தோடு பிரிட்சர்ட் அறைக்குப் போனாள். அவர் ஜன்னலோரம் பக்கவாட்டாக நின்றிருந்தார். எப்போதும் அப்படித்தான் நிற்பார்; யாராவது தன்னைப் படம் எடுத்துவிடக்கூடும் என்ற முன்னெச்சரிக்கை.

"டாக்டர், ஆகஸ்ட் மாசம் கேமராவை ஒரு தடவை கடுமையா சோதிக்கலாம்னு பாக்கறேன். அடிக்குறிப்பு பார்த்தேன். உங்க கவலை நியாயம்தான். கேமரா பொய்க்கோடு போடுதான்னு தெரியணும்னா, எத்தனை கோடுன்னு நிச்சயமா தெரிஞ்ச ஒரு பொருளைப் பாக்கணும்."

"நல்ல யோசனை. எதைப் பாக்கப்போறீங்க?"

"உங்க படிகளை."

பிரிட்சர்ட் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்.

"பிரிட்சர்ட் படிகளை," என்றாள் டெல்ஃபினா.

"ஆங்! வேற எதைப் பாக்க முடியும்? நாமளும் பலதடவை சொல்லியிருக்கோம், பிரபஞ்சத்துக்கே அளவுகோல் அதுதான்னு." அவர் தன்னைப் பற்றிப் பேசும்போது பன்மைக்குப் போய்விடுவார். "எங்க கையெழுத்து போடணும்?"

"இங்க. 'மாறாத பொருள்' என்பதுக்குப் பக்கத்துல. எண்ணிக்கை இங்க. நீங்களே கைப்பட எழுதினா நல்லது."

பிரிட்சர்ட் பேனாவை எடுத்து, 'இருபத்தொன்று' என்று எழுதினார். இடம் மிச்சமிருந்ததைப் பார்த்து, 'என்றென்றும்' என்றும் சேர்த்தார். அதன் கீழே இன்னொரு வரி இருந்தது: 'அளவுத்திருத்தப் பொறியாளர் எதிர்பார்க்கும் எண்ணிக்கை'. அதில் டெல்ஃபினா ஏற்கெனவே எழுதியிருந்தாள். அவர் அதைப் படிக்கவில்லை. தன் கையெழுத்துக்குக் கீழே உள்ளதைப் படிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

படித்தவர் இங்ரிட் சோல்ஹைம்தான். புதன்கிழமைக் கூட்டத்தில், அகச்சிவப்புக் கருவிக்காரர்களும் தூசுக் கருவிக்காரர்களும் மூன்று நிமிஷத்துக்காக ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டு ஓய்ந்தபின், அவர் உப்புச்சப்பில்லாத குரலில் வாசித்தார்:

"அடுத்தது ஆகஸ்ட் ஒன்பது, கேமரா சோதனை, நாப்பது நிமிஷம். இலக்கு, உள்வளைய மடிப்புகள். டாக்டர் பிரிட்சர்ட் எதிர்பார்க்கறது இருபத்தொண்ணு, என்றென்றும். புஸ்தமான்தே எதிர்பார்க்கறது முப்பத்தொம்பது." சற்று நிறுத்தினார். "இது எழுத்துப் பிழையா?"

"இல்லைங்க," என்றாள் டெல்ஃபினா. "இருபத்தொண்ணு வந்தா கேமராதான் தப்பு, நான்தான் தப்பு. அடிக்குறிப்புல நானே கையெழுத்துப் போடறேன். முப்பத்தொம்பது வந்தா வளையம் மாறியிருக்கு."

பன்னிரண்டு ஊர்களில் பன்னிரண்டு தொலைபேசிகள் மௌனமாயின. இரைச்சல் இல்லாத புதன்கிழமையை அந்தக் கூட்டம் அதுவரை கண்டதில்லை.

பிரிட்சர்ட் தொண்டையைச் செருமினார். "இந்த நாப்பது நிமிஷத்தை... மேகங்களை ஆராயற நண்பர்களுக்குக் குடுக்கலாமேன்னு நமக்குத் தோணுது. அவங்க ரொம்ப நாளா கேக்கறாங்க."

"குடுக்க முடியாது டாக்டர்," என்றார் இங்ரிட். "சோதனை நேரத்தை யாரும் தொடக்கூடாதுன்னு விதி ஏழு. நீங்க எழுதினது. மூணு தடவை அடிக்கோடு போட்டிருக்கீங்க."

"அப்போ இலக்கை மாத்தலாம்."

"மாத்தணும்னா இலக்கு மாறக்கூடிய பொருள்னு ஒரு விஞ்ஞானி எழுதித் தரணும். எழுதித் தர்றீங்களா?"

அவர் இருதலைக்கொள்ளி எறும்பாக நிற்பது தொலைபேசியிலேயே தெரிந்தது. மாறும் என்று எழுதினால் புத்தகம் போச்சு. எழுதாவிட்டால் டெல்ஃபினாவுக்கு நாற்பது நிமிஷம் ஆச்சு.

"நடக்கட்டும்," என்றார் கடைசியில், பெரிய மனசு பண்ணுகிறவர் குரலில். "அந்தம்மாவும் ஒரு தடவை கத்துக்கட்டும்."

மணிக்கருவி கிணுகிணுத்தது. அடுத்த மாடு பிடிக்கப் போனார்கள்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி கலம் படம் எடுத்தது. பத்தாம் தேதி காலை பத்துமணி வாக்கில் படங்கள் ஸ்பெயினில் உள்ள பெரிய ஆண்டெனாத் தட்டு வழியாக டூசானுக்கு வரத் தொடங்கின. வெளியே கோடைமழை திரண்டிருந்தது. பாலைவனப் புதர்களின் மணம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. டெல்ஃபினாவின் சின்ன அறையில் அன்று நிற்க இடமில்லை. அந்த அறை எங்கே இருக்கிறது என்று அதுவரை விசாரித்துக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பிரிட்சர்ட் நாற்காலி வரவழைத்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார், பக்கவாட்டாக. இங்ரிட்டும் மற்றக் குழுக்களும் தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தார்கள். அன்று புதன்கிழமை இல்லை, ஆனாலும் வந்துவிட்டார்கள்.

மொத்தப் பட்டையும் மூன்று படங்களில் அடங்கும். முதல் படம் திரையில் கோடு கோடாக இறங்கியது. டெல்ஃபினா விரலை வைத்து வாய்விட்டு எண்ணினாள். பத்து. இரண்டாவது படம். பத்தொன்பதில் நின்றது.

அதோடு நின்றது. ஸ்பெயினில் பெருமழையாம். மூன்றாவது படம் வரவில்லை.

பிரிட்சர்ட் எழுந்தார்.

"பத்தொம்பது!" என்றார். "கிட்டத்தட்ட இருபத்தொண்ணு. ரெண்டு ஓரத்துல ஒளிஞ்சிருக்கும். கேமராவுக்கு வயசாயிடுச்சு, பாவம்."

"டாக்டர், இன்னும் ஒரு படம் இருக்கு," என்றாள் டெல்ஃபினா. மூன்றாவது படம் வராமலே போனால் இந்தப் பத்தொன்பதுதான் பேரேட்டில் ஏறும். ஓரத்தில் இரண்டைச் சேர்க்க அவருடைய நிரலுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. பேய் ஓட்டத் தெரிந்தவனுக்குப் பேய் ஏவவும் தெரியும்.

"அதுல வெறும் இருட்டுதான் இருக்கும். செய்தித் தொடர்பு ஆளைக் கூப்பிடுங்க. 'படிகள் அசையவில்லை'ன்னு தலைப்பு. நம்ம படம் அந்த ஜன்னலோரம் எடுத்தது இருக்கு பாருங்க, அதைப் போடச் சொல்லுங்க."

செய்தித் தொடர்பு ஆள் வந்தார். பிரிட்சர்ட் நின்றபடியே அறிக்கையைச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். நிலைபேறு பற்றி இரண்டு பத்தி, மனித அகந்தை பற்றி ஒரு பத்தி. அகந்தைப் பத்தியின் நடுவில் வெண்டல் தன் திரையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"ஸ்பெயின்ல மழை விட்டுடுச்சு."

மூன்றாவது படம் இறங்கியது. இருட்டு இல்லை. மேலிருந்து கீழ்வரை, தையல்காரி நுணுக்கமாகச் சுருக்கிய பாவாடைபோல, வெளிச்சமும் நிழலுமாக, வரிசை வரிசையாக மடிப்புகள்.

டெல்ஃபினா விரலை வைத்தாள். "இருபது. இருபத்தொண்ணு." ஒரு கணம் விரலை எடுக்கவில்லை. பிறகு அதைத் தாண்டினாள். "இருபத்திரெண்டு. இருபத்திமூணு..."

முப்பதைத் தாண்டும்போது அறையில் இருந்த மற்றவர்களும் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஒலிபெருக்கியில் பாரிஸ்காரர்கள் தங்கள் மொழியில் எண்ணினார்கள். முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. வாசலில் நின்ற துடைப்பக்கார டேவ்தான் எல்லோருக்கும் முந்திக்கொண்டு கத்தினான்:

"முப்பத்தொம்பது!"

அதற்கு மேல் வழுவழுப்பான வெற்று வளையம். டெல்ஃபினா விரலை எடுத்துவிட்டுத் திரும்பினாள். யாரோ கைதட்டினார்கள், உடனே எல்லோரும். வெண்டல் நாற்காலிமேல் ஏறி நின்றான்.

"கொமாத்ரே! மணி சரியா காட்டுது உன் கடிகாரம்!"

செய்தித் தொடர்பு ஆள் தாளைப் பார்த்தார், பிரிட்சர்டைப் பார்த்தார். "டாக்டர், அந்த அகந்தைப் பத்தியை என்ன பண்றது?"

"வெச்சுக்கோங்க," என்றான் வெண்டல். "ஆளை மட்டும் மாத்திப் போடுங்க."

இவ்வளவு சிரிப்புக்கும் நடுவில் டெல்ஃபினா மறுபடி திரைக்குத் திரும்பிவிட்டாள். இருபது வருஷம் தூசி தேடிய கண். மூன்று படங்களையும் ஒன்றாக ஒட்டி, கொஞ்சம் சுருக்கி, தூரத்திலிருந்து பார்த்தாள். முப்பத்தொன்பது சின்ன மடிப்புகளுக்கும் அடியில், மொத்தப் பட்டையும் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. அகலமான, மங்கலான இன்னொரு அலை.

"கொஞ்சம் சத்தம் போடாம இருங்க," என்றாள். "இங்க இன்னொண்ணு இருக்கு."

"இன்னொண்ணுன்னா?" ஒலிபெருக்கியில் இங்ரிட்.

"இன்னொரு சுருள். ரொம்ப இளசு. இன்னும் சரியா சுருளவே இல்ல. மூணே மூணு மடிப்பு." விரல்களில் கணக்குப் போட்டாள், போடத் தேவையே இல்லாத கணக்கு. "மூணு மடிப்புன்னா ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் முன்னாடி, ஆகஸ்ட் மாசம், மறுபடியும் அடி விழுந்திருக்கு. நம்ம கலம் அங்க இருக்கும்போதே."

சனியின் வளையத்தில் அடி விழுந்து அலை பிறந்திருக்கிறது. மனிதர்கள் அனுப்பிய கேமரா பக்கத்தில் இருந்தும் பார்க்கவில்லை.

"அந்த மாசம் நாம எங்கேய்யா பார்த்துக்கிட்டு இருந்தோம்?" என்று ஒலிபெருக்கியில் யாரோ கேட்டார்கள்.

வெண்டல் தன் கட்டளைப் பதிவைத் திறந்தான். படித்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"நாலு நாள் கேமராவை முழுசா பூமிப் பக்கம் திருப்பி வெச்சிருந்தோம். டாக்டரோட நாப்பது வருஷ சேவைக்கு விழா எடுத்தோமே, எல்லாரும் முற்றத்துல நின்னு வானத்தைப் பார்த்துக் கையசைச்சோம். அந்தப் படம்."

பிரிட்சர்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல்முறையாக நேராக உட்கார்ந்தார்.

"அந்தப் படத்துல," என்றார் மெதுவாக, "பூமி ஒரு புள்ளியாத்தான் வந்தது." பிறகு திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பதவி, வில்லை, புத்தகம் எல்லாவற்றுக்கும் முன்னால், வளையத்தைப் பார்க்கப் பிடித்துத்தான் அவரும் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கவேண்டும். "டெல்ஃபினா, இந்தப் புதுசு... அடுத்த மாசம் எவ்வளவு சுருண்டிருக்கும்?"

"மாசத்துக்கு எட்டுல ஒரு பங்கு டாக்டர். ரொம்ப நுணுக்கம். தாழ்ந்த கோணமே வேணும்னு இல்ல, அலை இவ்வளவு அகலமா இருக்கும்போது கொஞ்சம் மேலேருந்தும் பிடிக்கலாம். பிறந்த சுருள் வளர்றதை மாசாமாசம் பாக்கலாம். இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல. ஆனா நேரம் வேணும். எனக்கு இனி ரெண்டே ரெண்டு சோதனைதான் மிச்சம். எண்பது நிமிஷம்."

ஒலிபெருக்கி கொஞ்சநேரம் கரகரத்தது. பிறகு தூசுக் கருவிக்காரர், மூன்று நிமிஷத்துக்காக மனிதனைக் கடிக்கக்கூடியவர், "எங்க நவம்பர்ல இருபது நிமிஷம் இருக்கு. எடுத்துக்கோங்க," என்றார்.

"பதிலுக்கு என்ன கேக்கறீங்க?" என்றார் இங்ரிட், பழக்கதோஷத்தில்.

"ஒண்ணும் வேண்டாம்."

இங்ரிட்டின் பக்கமிருந்து ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. மணிக்கருவியாக இருக்கலாம்.

அதன்பின் அணை உடைந்தது. பாரிஸ்காரர்கள் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். தூசுக்காரர் கொடுத்துவிட்டார் என்பதற்காகவே அகச்சிவப்புக்காரர்கள் ஒன்றரை மணி கொடுத்தார்கள். மேகக்காரர்கள், காந்தக்காரர்கள், பெயர் தெரியாத ஒரு குழு, எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூவினார்கள். வெண்டல் எழுதி மாளாமல் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"என் குழுவுக்கு டிசம்பர்ல பதினோரு மணி நேரம் இருக்கு," என்றார் பிரிட்சர்ட். பன்மை எங்கோ போயிருந்தது. "மொத்தமும்."

வெண்டல் கூட்டினான். "இருபத்தாறு மணி நேரம் கொமாத்ரே. நீ கலத்தையே குடும்பத்தோட கூட்டிட்டுப் போயிடலாம்."

இங்ரிட் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "சரி, பதிவு பண்றேன். இருபத்தாறு மணி நேரம், புது அலை. ஒவ்வொரு நேரத்துக்கும் முதல் வரியில தலைமை விஞ்ஞானி பேரு வேணும். யார் பேரைப் போடறது?"

டெல்ஃபினா ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அடிக்குறிப்புல போட்டிருந்தீங்களே, அந்தப் பேரைத்தான். அதே பேரு. மேல போடுங்க."